ஆணையிட்டோர் பொறுப்பு



கொழும்புத் துறைமுகத்துக்கு அணித்தாய், கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் ஆலயம் நிற்கின்றது. 1857ஆம் ஆண்டிலே பொன்னம்பல முதலியார் தாபித்த அவ்வாலயத்தை, அவர்தம் புதல்வர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லினாற் புதுக்கி, 1912ஆம் ஆண்டிலே குடமுழுக்குச் செய்வித்தார். அங்கே வழிபடச் செல்வோர் கற்றூண்களின் அழகைக் கண்டு வியப்பர். அத்தூண்களை நிறுவிய பெரியார், மூன்றாண்டு கழியுமுன் வேறொரு கடுமையான பணியிலே இறங்க நேர்ந்ததென்பதை நினைவுகூர்வோர் சிலரே. யுத்த காலத்திலே இந்நாட்டை ஆண்ட தேசாதிபதியும் அவருடைய படைத்தலைவரும் இட்ட ஆணைகளுக்கு யார் பொறுப்பு என்று அவர் சட்டநிரூபண சபையிலே கேட்டார். விடை கிடையாதபோது கடல் கடந்து சென்றும் கேட்டார்.

இன்றைய பேச்சின் பொருளும் அதுவே. போர்க்காலத்தில் அதிகாரம் செலுத்தியோர், அக்காலத்திலே நடந்த கொடுமைகளுக்குப் பின்னர் நீதிமன்றத்தின் முன் பதில் சொல்லவேண்டுமா? இக்கேள்வி நமக்கு அயல்நாட்டாரிடமிருந்து வந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். இது நம் தலைநகரிலேயே ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுந்த கேள்வி. அது எழுந்த வரலாற்றை முதலிற் காண்போம்.

1915ஆம் ஆண்டு. முதலாம் உலக மகாயுத்தம் தொடங்கி ஓராண்டு நிறையவில்லை. இலங்கையிலோ வேறொரு பூசல் சில ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்தது. கம்பளையிலே, வலஹாகொடைத் தேவாலயத்துப் பெரஹரா, பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியம் முழங்கலாமா என்பது வழக்காயிற்று. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தாருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1915 தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் திருநாளன்று, கண்டி நகரத்துப் பள்ளிவாசலொன்றின் அருகே மூண்ட கைகலப்பு, சில நாள்களுள் கொழும்புக்கும் தென்மேற்குப் பகுதிகளுக்கும் பரவியது.

அக்கலகத்தில் முதலில் அடிபட்டோர் முஸ்லிம் மக்கள். அதிகாரபூர்வமான கணக்கின்படி அவர்களுள் 25 பேர் கொல்லப்பட்டனர், 189 பேர் காயமுற்றனர், பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர், நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் கொள்ளையிடப்பட்டன, பதினேழு பள்ளிவாசல்கள் தீக்கிரையாயின. இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் அவசியம். ஏனெனில், பின்னர் நடந்த அநீதியைப் பேசும்போது முன்னர் நடந்த அநீதியை மறந்துவிடுவது வரலாற்றாசிரியர்க்கும் அரசியலார்க்கும் எளிதில் வரும் பிழை.

ஜூன் 2ஆம் தேதி தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். இவர் கல்வியறிவற்ற கொடியவர் அல்லர். பாளி மொழியிலே வல்லவர். பௌத்த நூல்களை ஆங்கிலத்துக்குப் பெயர்த்த அறிஞர். அந்த மே மாதத்திலேயே அவருடைய இரு புதல்வரும் ஐரோப்பியப் போர்க்களத்தில் மாண்டனர். அவருடைய மனநிலை எவ்வாறிருந்திருக்கும் என நாம் இரங்கிப் பார்க்கலாம். ஆயினும் அவர் கையெழுத்தின் பயன் வேறாயிற்று. கலகம் சில நாள்களுள் அடங்கியது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் இறுதிவரை, ஏறக்குறைய மூன்று மாதம், நீடித்தது. யுத்தகாலக் குழப்பத்தின் பின்னே ஜேர்மனியின் கை இருக்குமோ, பௌத்த மதுவிலக்கு இயக்கத்தினர் ஆங்கில அரசைக் கவிழ்க்க எண்ணினரோ என்ற ஐயம் ஆட்சியாளர் மனத்தைப் பிடித்தது.

படைத்தலைமை பிரிகேடியர் ஜெனரல் மல்கம் என்பவரிடமும், பொலிஸ் தலைமை ஹேர்பேட் டௌபிகின் என்பவரிடமும் இருந்தன. பஞ்சாபிப் படையினரோடு தோட்டத் துரைமாரும் தொண்டர் படையினரும் ஆயுதந் தாங்கி ஊர்களிற் புகுந்தனர். கலகக்காரர் எனக் கருதப்பட்டோர் விசாரணையின்றிச் சுடப்பட்டனர். எஃப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலிய தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். அநகாரிக தர்மபாலரின் சகோதரர் எட்மண்ட் ஹேவாவிதாரண இராணுவ நீதிமன்றத்தாற் தண்டிக்கப்பட்டு, யாழ்ப்பாணச் சிறையிலே நோயுற்று மடிந்தார். கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர், இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி, 1915 ஜூலை 7ஆம் தேதி வெலிக்கடைச் சிறையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. கலகம் அடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிய பின்னர் நிறைவேறிய தண்டனை அது.

அந்நாளிற் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபையில் வீற்றிருந்தவர் இராமநாதன். அறுபத்து நான்கு வயதினர். முன்னாட் சொலிசிட்டர் ஜெனரல். அவருடைய வாதத்தின் சாரம் சட்டம் பயிலாதவர்க்கும் விளங்கும். இராணுவச் சட்டம் என்பது தேவை என்ற ஒன்றிலிருந்தே பிறக்கின்றது. வீட்டில் தீப்பற்றும்போது அயலான் மதிலை இடித்தல் குற்றமன்று. தீ அணைந்த பின்னும் மதிலை இடித்துக்கொண்டிருப்பவன் அதற்கு விடை கூறவேண்டும். நீதிமன்றங்கள் திறந்திருக்க, நீதிபதிகள் தத்தம் ஆசனத்திலிருக்க, கலகம் ஓய்ந்திருக்க, மக்களைப் படையினர் விசாரித்துத் தண்டிப்பதற்குத் தேவை எங்கே? அவ்வாறு தண்டித்தோரும் சுட்டோரும், அவர்களுக்கு ஆணை தந்தோரும், நாட்டின் வழமையான சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. குற்றவாளிகள் எங்கே வாழ்ந்தாலும் அப்பகுதிச் சிங்கள மக்கள் யாவரும் நட்டஈடு இறுக்கவேண்டும் என விதித்ததையும் அவர் எதிர்த்தார். ஒருவன் செய்த பிழைக்கு ஊர் முழுவதும் தண்டம் இறுப்பது நீதியாகாது என்பது அவர் துணிபு.

சபையிலே பேசியதோடு அவர் அமையவில்லை. நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சம் நிறைந்த கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று, குடியேற்ற நாட்டு மந்திரியிடம் முறையிட்டார். 1916இல் இலண்டனிலே இக்கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஈ.டபிள்யூ. பெரேரா என்னும் சிங்கள வழக்கறிஞரும் இங்கிலாந்து சென்றார். சுடுமாறு பிறந்த ஆணையொன்றின் பிரதியை அவர் தம் சப்பாத்தினுள்ளே மறைத்துக் கொண்டுபோனார் என்று இன்றும் சொல்லப்படுகின்றது. அவ்வழக்கறிஞர் கண்ட சிறப்பு அதுதான்: சுட்டவன் யார் என்பதற்கு மேலாக, சுடு என்று எழுதிய தாள் எது என்பதை அவர் தேடினார். இராமநாதன் நாடு திரும்பியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்கள அன்பர்கள் தாமே அவருடைய வண்டியை இழுத்துச் சென்ற செய்தி யாவரும் அறிந்தது.

ஆனால் முறையீட்டின் பயன் யாது? தலைவர்கள் கேட்ட அரச ஆணைக்குழு அமைக்கப்படவில்லை. அதற்கு முன்னரே, 1915 ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்திலிருந்து ஓர் ஆணை பிறந்துவிட்டது. இராணுவச் சட்டக் காலத்திலே தேசாதிபதியும் படைத்தலைவரும் அவர்தம் கீழ் உள்ளோரும் நல்லெண்ணத்துடன் செய்த காரியங்களுக்காக எவரும் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தலாகாது என்பதே அதன் கருத்து. சட்டத்துறையார் இதனை ஈட்டுறுதிச் சட்டம் என்பர். சாமர்ஸ் அவ்வாண்டு முடியுமுன் பதவியை விட்டகன்றார். அவருக்குப் பின் வந்த சேர் ஜோன் அண்டர்சன் நேர்மையாளர். விசாரணையின்றிச் சுடப்பட்ட சிலரின் மரணத்தை ஆராய ஒரு குழுவை நியமித்தார். அறிக்கையைக் கண்டு அச்செயல்களைக் கடுஞ்சொற்களாற் கண்டித்தார். ஆயினும் கண்டனத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஈட்டுறுதி ஆணை மதிலாய் நின்றது. 1919ஆம் ஆண்டில் சாமர்ஸ் பிரபுப் பட்டம் பெற்றார்.

அந்த 1919ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அதே ஆண்டு ஜூன் மாதத்திலே வேர்சாய் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன் 227ஆம் உறுப்புரை, ஜேர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்லியத்தை ஒரு விசேட நீதிமன்றின் முன் நிறுத்தவேண்டும் என விதித்தது. ஒரு நாட்டின் தலைவனே தன் யுத்தச் செயல்களுக்கு விடை கூறவேண்டும் என்ற கொள்கை உலக உடன்படிக்கையொன்றில் இடம்பெற்றது அப்போதுதான். அதிற் கையொப்பமிட்டோருள் ஆங்கில அரசும் ஒன்று. பகைவனின் பேரரசரைக் கூண்டில் ஏற்றவேண்டும் எனக் கூறிய அதே அரசு, தன் தேசாதிபதிக்கு முன்னே நீதிமன்றத்தின் கதவை நான்காண்டுக்கு முன்னரே சாத்தியிருந்தது. பஞ்சாபிலும் அவ்வாறே. 1919 ஏப்ரல் 13ஆம் தேதி ஜாலியன்வாலா பாக்கிலே ஜெனரல் டயரின் ஆணைப்படி சுடப்பட்டு, அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர் இறந்தனர். அவ்வாண்டு முடியுமுன் இந்தியாவிலும் ஓர் ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறியது. டயர் பதவியிழந்தார், வழக்கைச் சந்திக்கவில்லை.

பேரரசர் வில்லியமும் நீதிமன்றத்தைக் காணவில்லை. ஒல்லாந்து அவரை ஒப்படைக்க மறுத்தது. அங்கேயே 1941இல் முதுமையெய்தி இறந்தார். இலைப்சிக் நகரில் 1921இல் ஜேர்மானியரே நடத்திய வழக்குகளில், நேசநாடுகள் பெயர் குறித்த நூற்றுக்கணக்கானோருள் ஒரு சிலரே விசாரிக்கப்பட்டனர். அவர்களிலும் பலர் கீழ்நிலையினர். இரண்டாம் மகாயுத்தத்தின் பின்னரே நிலைமை மாறியது. நியூரம்பேர்க்கில் 1945-46இல் இருபத்திருவர்மீது தீர்ப்பளிக்கப்பட்டது, பன்னிருவர்க்கு மரணதண்டனை, மூவர் விடுதலை பெற்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. தலைவன் என்பதால் ஒருவனுக்கு விலக்கில்லை. மேலிடத்து ஆணை என்பதால் ஊழியனுக்கு மன்னிப்பில்லை என்னும் இரு கொள்கைகளும் அங்கே நிலைபெற்றன. பிலிப்பைன்ஸ் தீவுகளிற் போரிட்ட யப்பானியத் தளபதி யமஷிதாவின் வழக்கு மூன்றாவதொன்றைச் சேர்த்தது: தன் படையினரைக் கட்டுப்படுத்தத் தவறிய தளபதியும் பொறுப்பாளியே. இக்கொள்கை பின்னாளிற் செம்மைப்பட்டு, குற்றம் நடப்பதை அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டியவராயிருந்தும், அதைத் தடுக்காமலும் தண்டிக்காமலும் இருந்த தலைவர் பொறுப்பாவார் என இன்று வழங்குகின்றது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் நேர்மையோடு கேட்கவேண்டும்.

முதலாவது மறுப்பு, இது வென்றவர் தோற்றவர்க்கு வழங்கும் நீதி என்பது. டோக்கியோ நீதிமன்றில் வீற்றிருந்த வங்காள நீதிபதி இராதாபினோத் பால், எதிரிகள் யாவரையும் விடுவித்துத் தனித் தீர்ப்பு எழுதினார். குடியேற்ற நாடுகளை ஆண்டோரும் அணுகுண்டு வீசியோரும் நீதிபதிகளாக அமர்வதை அவர் வினாவினார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அவ்வுண்மையிலிருந்து பெறப்படும் முடிபு யாது? ஒரு கையால் மட்டும் பிடிக்கப்பட்ட தராசு கோணுமாயின், அதை நேராகப் பிடிக்க வேண்டுமேயன்றி உடைத்தெறிதல் தீர்வாகாது. 1915இல் சாமர்ஸ் கேட்கப்பட்டிருப்பாராயின், 1919இல் வில்லியத்தைக் கேட்ட குரலுக்கு வலிமை மிகுந்திருக்கும்.

இரண்டாவது மறுப்பு, நாட்டைக் காக்க எழுந்த தலைவரைப் பின்னர் விசாரித்தால், அடுத்த ஆபத்தில் யார் துணிந்து ஆணையிடுவார் என்பது. இதற்கு இராமநாதனின் வாதமே விடை. தேவையின் எல்லைக்குள் நின்றவர் விசாரணைக்கு அஞ்ச வேண்டியதில்லை. நீதிமன்றமே அவரைக் குற்றமற்றவரெனக் காட்டும். ஈட்டுறுதிச் சட்டம் நல்லவரையும் தீயவரையும் ஒரே போர்வையால் மூடுவதனால், நல்லவர் தம் நன்மையை நிரூபிக்கும் வாய்ப்பையும் இழக்கின்றார்.

மூன்றாவது மறுப்பு, பழைய புண்ணைக் கிளறினால் சமாதானம் கெடும் என்பது. இது இரக்கத்தின் மொழியிலே பேசுவதால் கேட்போரை எளிதில் இணங்கச் செய்யும். இதற்கு விடை காண நம் நாட்டின் பிற்கால வரலாற்றைப் பார்க்கவேண்டும்.

சுதந்திரம் வந்தது. ஆண்டவர் மாறினர், ஈட்டுறுதி என்னும் கருவி மாறவில்லை. 1977 ஆகஸ்டிலே தமிழ் மக்கள்மீது நிகழ்ந்த வன்செயலைச் சன்சோனி ஆணைக்குழு விசாரித்தது. அதன் பின்னர், 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், அந்த ஆகஸ்ட் மாதத்திலே அமைச்சர்களும் அரச ஊழியரும் நல்லெண்ணத்துடன் செய்தவற்றுக்கு ஈட்டுறுதி அளித்தது. 1988இல் அச்சட்டத்தின் காலஎல்லை அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் தேதி வரை நீட்டப்பட்டது. ஒரு மாதத்துக்கென வந்த போர்வை பதினோராண்டுகளை மூடியது. அந்தப் பதினோராண்டுகளுக்குள் அடங்குவன எவை? 1983 ஜூலை அடங்கும். வெள்ளவத்தையிலே வீடுகள் எரிந்து, கட்டிய உடையோடு மக்கள் அகதி முகாம்களை நாடிய நாள்கள் அவை. அம்மாதம் 25ஆம், 27ஆம் தேதிகளில், பேதிரிஸ் சுடப்பட்ட அதே வெலிக்கடைச் சிறையில், அரசின் காவலிலிருந்த தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டனர். தெற்கிலே சிங்கள இளைஞர் பலர் காணாமற்போகத் தொடங்கிய காலமும் அதனுள் அடங்கும். ஆகவே அப்போர்வையின் கீழே ஓர் இனத்தாரின் துயர் மட்டும் இல்லை. 1983ஆம் ஆண்டுக் கொடுமைக்காக 2004இல் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பகிரங்க மன்னிப்புக் கோரினார், அது நற்செயல். அதுவும் நீதிமன்றத்துக்கு வெளியே நடந்ததே.

புண்ணைக் கிளறாதிருந்தமையால் சமாதானம் விளைந்ததா? 1977க்குப் பின் 1983 வந்தது. அதன்பின் கால்நூற்றாண்டுப் போர் வந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே அப்போர் முடிந்தது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, 2011இல், இறுதிக் கட்டத்திலே 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாதென்றும், அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் எதிராக நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உண்டென்றும் கூறியது. அரசு அவ்வறிக்கையை ஏற்கவில்லை. 2015 ஒக்டோபரில் ஜெனீவாத் தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கிய இலங்கை, 2020இல் அதிலிருந்து விலகியது. 2021 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை, சான்றுகளைத் திரட்டிப் பேணும் பணியைத் தானே மேற்கொள்ளத் தீர்மானித்தது.

நம் நீதிமன்றங்கள் முற்றாக உறங்கினவென்று கூறுதல் தவறு. பள்ளி மாணவி ஒருத்தியும் அவளைத் தேடிச் சென்றோரும் 1996இல் யாழ்ப்பாணத்திற் கொல்லப்பட்டமைக்காக, 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினர் சிலருக்கு மரணதண்டனை விதித்தது. மிருசுவிலில் எண்மர் கொல்லப்பட்ட வழக்கிலே 2015இல் ஒருவர் தண்டிக்கப்பட்டார். 2020இல் சனாதிபதியின் மன்னிப்புப் பெற்று வெளியேறினார். 2008, 2009 ஆண்டுகளிற் கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பிலும் அயலிலும் பதினொருவர் கடத்தப்பட்டுக் காணாமற்போன வழக்கிலே, கடற்படையினர் சிலரோடு முன்னாட் கடற்படைத் தளபதி ஒருவரும் எதிரியாகக் குறிக்கப்பட்டார். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2021இல் அவருக்கெதிரான குற்றச்சாட்டுகளைத் தொடர்வதில்லை எனச் சட்டமா அதிபர் நீதிமன்றுக்கு அறிவித்தார். அவர் குற்றவாளியா அல்லரா என்று கூறுதல் நம் வேலையன்று. அதனைக் கூறவேண்டிய இடம் நீதிமன்றம். அங்கே அது கூறப்படவில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டியது. இலைப்சிக்கிற் கண்ட வழக்கம் இங்கும் தொடர்கின்றது: துப்பாக்கி பிடித்தவன் ஒருகால் அகப்படுகின்றான்; ஆணையின் தாள் எங்கே எழுதப்பட்டது என்று தேடும் வழி பாதியிலேயே அடைபடுகின்றது.

இங்கே நமக்கு நாமே சொல்லிக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. 1915இல் இராமநாதன் ஆற்றிய பணி பெரிது. ஆனால் அதிலே ஒரு குறை இருந்ததென முஸ்லிம் மக்கள் அன்றும் கூறினர், இன்றும் கூறுகின்றனர். இராணுவச் சட்டத்தால் வருந்தியோர்க்காக எழுந்த அக்குரல், கலகத்தால் வருந்திய தங்களுக்காக அதே வலிமையோடு எழவில்லை என்பது அவர்கள் மனத்தாங்கல். அது நியாயமான மனத்தாங்கல். 1990 ஆகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதும், அவ்வாண்டு ஒக்டோபரிலே வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதும் தமிழரின் பெயரால் ஆயுதமேந்தியோர் செய்தவை. அவற்றுக்கு ஆணையிட்டோர் பலர் இன்று உயிரோடில்லை. ஆயினும் முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்கும் நாவு, காத்தான்குடியின் பெயரைச் சொல்லத் தயங்குமாயின், அது கேட்பது நீதி என்று பிறர் நம்புவரோ?

அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன், தன் அரண்மனையிலே ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்பதை மகாவம்சமே கூறுகின்றது. கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தபோது, தேரோட்டியவன் தன் மகனென்று அறிந்தும் அவன் தீர்ப்பை மாற்றவில்லை என்பது கதை. இதையே தமிழர் மனுநீதிச் சோழன் கதையாகப் போற்றுவர். வேந்தனையும் அவன் வீட்டையும் அறம் விலக்கிவைக்காது என்னும் எண்ணம் இவ்வாறு இருமொழியாரின் பழங்கதையிலும் இருக்கின்றது. அம்மணியின் கயிற்றை ஈட்டுறுதிச் சட்டங்கள் அறுத்துவிடுகின்றன.

எனவே நம் முடிபு இது. போர்க்காலத் தலைவரை விசாரிப்பது பழிவாங்குதலாகாது; அவரைக் குற்றவாளியென முன்னரே தீர்ப்பதும் ஆகாது. பொதுச் சட்டத்தின்கீழ், திறந்த மன்றிலே, எந்தத் தரப்பினராயினும், ஆணையிட்டவரே வந்து காரணங் கூறவேண்டும் என்பதே கோரிக்கை. இராமநாதன் 1915இல் அயலினத்தார்க்காக அதனைக் கேட்டார். அவர் புதுக்கிய ஆலயத்தின் வழியே கொட்டாஞ்சேனையிற் செல்லும் நேயர்கள், அவர் கேட்ட அக்கேள்வியையும் எண்ணிப் பார்ப்பார்களாக. அதற்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. காணாமற்போன பிள்ளைகளின் படங்களைக் கையிலேந்திய தாய்மார் அதனை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.